பத்து இடத்தில் எழுதிய ஊர்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய இரும்பு அலமாரியை எடைக்குப் போடப்போகிறார்களாம். அதன் அடித்தட்டில் பச்சை மையால் டிக் அடித்த பதிவேடுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, அவை என்னவென்று தெரியாமல் தூக்கிப்போட மனம் வரவில்லை, நீங்கள் எழுதிக் கொடுங்கள் என்று இப்போது அங்கே இருக்கும் பிள்ளைகள் வாட்ஸப் குழுவில் கேட்டிருந்தார்கள். அதில் ஒருத்தி மட்டும், "மேடம், இப்பல்லாம் ஒரு வரி சொன்னாப் போதும், பத்து எடத்துலயும் ஏஐ-யே எழுதிடுது. நீங்க நெசமாவே கையாலயா எழுதினீங்க?" என்று கேட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் முகம் ஒன்றையும் போட்டிருந்தாள்.

கையால்தான் எழுதினோம் கண்ணு. ஒரு முறை தப்பாகவும் எழுதினோம். அதனால் ஒரு கல்யாணம் நின்றது, இன்னொன்று நடந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் பூர்வோத்திரம் பெரிதாக ஒன்றுமில்லை. அனந்தபுரத்தில் பிறந்தேன், விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தேன், சென்னையில் ஆறு வருடம் ஒரு கம்பெனியில் அடுத்தவர் எழுதிய புரோகிராமில் பிழை பார்த்தேன். கல்யாணமாகிச் செஞ்சிக்கு வந்த பிறகு, திருவண்ணாமலை ரோட்டில் ஒரு சிமென்ட் கடையின் மாடியில் இருந்த சின்ன கம்பெனியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும், சிமென்ட் தூசியும் வரும். அதனால் பெரும்பாலும் மூடியே இருக்கும்.

நாங்கள் செய்தது, தனியார் பஸ்களில் அடுத்து வரும் ஊரின் பெயரைச் சொல்லும் பெட்டி. பஸ் எங்கே போகிறது என்று செயற்கைக்கோளைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "அடுத்த நிறுத்தம், அவலூர்பேட்டை" என்று பெண் குரலில் சொல்லும். டிக்கெட்டும் அடிக்கும். பெட்டியைச் செய்ய இரண்டு பேர் இருந்தார்கள். அதற்குள் இருக்கிற புரோகிராம் முழுக்க என் பொறுப்பு.

முதலாளி தணிகாசலம் சார். முன்பு ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அந்தப் பார்வை அவரை விட்டுப் போகவே இல்லை. நான் எழுதிய ஒவ்வொரு வரியையும், இது டிக்கெட் எடுக்காமல் ஏறியிருக்குமோ என்ற சந்தேகத்தோடுதான் பார்ப்பார். குரல் உயர்த்த மாட்டார். சுடுதண்ணீர் குடிப்பார். பச்சை மைப் பேனாவின் முள்ளைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். எதையும் வாய்விட்டுப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். புரோகிராமையும் வாய்விட்டுத்தான் படிப்பார். அரைப்புள்ளியைக்கூட விடாமல், "அரப்புள்ளி" என்று சொல்லிக்கொண்டே.

கம்ப்யூட்டருக்கு ஊர் தெரியாது, எண்தான் தெரியும். ஒன்று என்றால் செஞ்சி, இரண்டு என்றால் அடுத்த ஊர் என்று வரிசையாகப் பெயர் வைத்து ஒரு பட்டியல் கொடுத்துவிட வேண்டும். அந்த மாதிரிப் பட்டியலுக்கு எங்கள் தொழிலில் ஒரு ஆங்கிலப் பெயர் உண்டு. அதைச் சுருக்கிச் சொன்னால் தமிழ்க் காதில் 'ஈனம்' என்றுதான் விழும். தணிகாசலம் சாருக்கு அந்தச் சொல்லே ஆகாது. "காலங்காத்தால இன்னாம்மா ஈனம் கீனம்னுட்டு? லிஸ்ட்டுன்னு சொல்லு" என்பார்.

பட்டியலில் ஒரு ஊரைச் சேர்ப்பது ஒரு வரி வேலை. ஆனால் அதோடு முடியாது. அந்த எண் வந்தால் தமிழில் என்ன எழுத்து காட்ட வேண்டும், ஆங்கிலத்தில் என்ன காட்ட வேண்டும், எந்தக் குரலைப் போட வேண்டும், டிக்கெட்டில் என்ன சுருக்கம் அடிக்க வேண்டும், அந்தச் சுருக்கத்தைத் திரும்பப் படித்தால் எந்த எண், போகும்போது எத்தனையாவது, வரும்போது எத்தனையாவது, டிரைவரின் சின்னத் திரையில் என்ன, அலுவலக அறிக்கையில் என்ன. பட்டியலோடு சேர்த்துப் பத்து இடம். அந்த ஒரே ஊரைப் பத்து இடத்தில், பத்து விதமாக, ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். ஒரு இடத்தில் விட்டாலும் கம்ப்யூட்டர் வாயைத் திறந்து சொல்லாது. பஸ்தான் சொல்லும்.

அப்படித்தான் வேப்பந்தாங்கல் விவகாரம் வந்தது. நான் சேர்ந்த புதிது. வேப்பந்தாங்கலைப் பட்டியலின் கடைசியில் சேர்த்தேன். ஒன்பது இடத்தில் எழுதினேன், குரல் இடத்தில் மறந்துவிட்டேன். எண்ணுக்குக் குரல் கிடைக்காவிட்டால் சொல்வதற்கென்று நான் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். சோதனைக்காக வைத்தது. ஒரு வாரம் முழுக்க பஸ் அந்த ஊர் எல்லைக்குப் போனதும், தேன் ஒழுகும் குரலில், "அடுத்த நிறுத்தம், அறியப்படாத நிறுத்தம்" என்று சொல்லியிருக்கிறது.

எட்டாம் நாள் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவர் ஊராட்சியில் பெரிய ஆள். தோளில் துண்டு, கையில் மொபைல், மொபைலில் அந்தக் குரலின் பதிவு. மூன்று முறை போட்டுக் காட்டினார்.

"எங்க ஊரு இன்னா சார் அறியப்படாத ஊரா? நாங்க ரேஷன் கார்டு வச்சிருக்கறோம், ஓட்டுப் போடறோம். பக்கத்து ஊருக்காரன் எங்கள 'அறியப்படாதவனே வாடா'ன்னு கூப்பிடறான்!"

தணிகாசலம் சார் என்னைப் பார்த்தார். நான் பதற்றத்தில், "ஈனத்துல சேத்துட்டேன் சார், குரல்ல தான் விட்டுப்போச்சி" என்றேன்.

பெரியவர் துண்டை எடுத்து இடுப்பில் வரிந்து கட்டினார்.

"யாரும்மா ஈனம்? எங்க ஊர ஈனத்துல சேத்தியா நீ?"

அவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கி முடிக்க இரண்டு சுற்று டீ ஆனது. கடைசியில் பெரியவர், "அப்போ செஞ்சியும் ஈனத்துல தான் இருக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவலூர்பேட்டயும்?" ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்று எழுந்துபோனார்.

அன்று மாலை சார் இரண்டு முடிவு எடுத்தார். முதலாவது, இனிமேல் பெட்டி தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூடாது, பேசாமல் இருந்துவிட வேண்டும். அது தப்பான முடிவு என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று கத்துகிற பிழையைக் கண்டுபிடித்துவிடலாம், வாயை மூடிக்கொள்கிற பிழையை எங்கே போய்த் தேடுவது? ஆனால் அன்று வாயைத் திறக்கிற நிலைமையில் நான் இல்லை. இரண்டாவது முடிவுதான் அந்தப் பதிவேடு. நீளவாக்கில் கோடு போட்ட பெரிய நோட்டு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரி, வரிக்குப் பத்துக் கட்டம். ஒரு இடத்தில் எழுதி முடித்ததும் நான் பச்சை மையால் டிக் போட வேண்டும். பத்தும் ஆனதும் அவர் ஒவ்வொரு இடத்தையும் திரையில் பார்த்து, வாய்விட்டுப் படித்து, கையெழுத்துப் போடுவார். ஒரு ஊரைச் சேர்க்க அரை நாள் ஆகும். தீபாவளிக்கு விட்ட சிறப்புப் பஸ்களுக்கு நாற்பது ஊர் சேர்த்தபோது சாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

இரண்டு வருடம் கழித்து நான் ஒரு யோசனை சொன்னேன். "சார், ஒரே எடத்துல எழுதுவோம். ஒரு ஊருக்கு ஒரு வரி. எல்லா விவரமும் அந்த வரியிலயே இருக்கட்டும். மத்த ஒம்பது எடத்தையும் அதப் பாத்து கம்ப்யூட்டரே எழுதிக்கட்டும்."

அவர் சுடுதண்ணீரைக் கீழே வைத்தார். "கம்ப்யூட்டர் எழுதினதுக்கு யாரும்மா கையெழுத்துப் போடறது?"

பதிவேடு தொடர்ந்தது.

இனி கோழிப்பண்ணைக் கதை, அதற்கும் சில வருடம் கழித்து நடந்தது. அவலூர்பேட்டை போகும் எங்கள் பஸ் வழியில் ஒரு பெரிய கோழிப்பண்ணை திறந்தார்கள். வேலைக்குப் போகிற பெண்கள் அங்கே ஒரு நிறுத்தம் கேட்டார்கள். பஸ்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஒரு சனிக்கிழமை அந்த வேலை என்னிடம் வந்தது. அது கல்மேட்டுக்கு முந்தைய நிறுத்தம். கல்மேட்டுக்கு அடுத்தது நெடுங்கரை. நெடுங்கரைதான் தணிகாசலம் சாரின் ஊர்.

ஆக, கோழிப்பண்ணையை அந்த வழிக்கான பட்டியலின் நடுவில் செருக வேண்டும். ஏழாவதாக இருந்த கல்மேடு எட்டாவதாகும், எட்டாவதாக இருந்த நெடுங்கரை ஒன்பதாவதாகும். பத்து இடத்திலும் இதே மாதிரி நகர வேண்டும். மூன்றாவது இடம் முடித்தேன். கரண்ட் போனது. முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. உட்கார்ந்து ஐந்தாவது இடத்திலிருந்து ஆரம்பித்தேன். விட்டுப்போன நாலாவது, குரல்.

மாலையில் பதிவேட்டை எடுத்து, பத்து டிக்கையும் மடமடவென்று ஒரே மூச்சில் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. ஒவ்வொன்றும் முடிந்த பிறகு போட வேண்டிய டிக்கை, நூறு முறை செய்த வேலைதானே என்று மொத்தமாகப் போட்டேன்.

சார் அன்று படிக்கவில்லை. அவர் வாய்விட்டுப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் நிவேதாவைப் பெண் பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறார்கள், பழம் வாங்க வேண்டும் என்று பறந்துகொண்டிருந்தார். "கார்ல வரோம்னு தான் சொன்னாங்க சுமதி. நான் தான் வேணாம், செஞ்சி வந்து நம்ம பஸ்ல ஏறுங்க, எடம் கேக்கவே வேணாம், பஸ்ஸே சொல்லும்னு சொல்லிட்டேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அந்தப் பஸ் குரல் யாருடையது என்று சொல்லவில்லையே. நிவேதாவுடையதுதான். வெளியாட்களை வைத்துப் பதிவு செய்ய வசதி இல்லாத காலத்தில், பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த அவளை மாடிக்கு அழைத்து வந்து, கதவைச் சாத்தி, எல்லா ஊர்ப் பெயரையும் நாங்களே சொல்ல வைத்துப் பதிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா, ஒரு மாமா, நான்கு பேரும் ஏறியிருக்கிறார்கள். கோழிப்பண்ணை தாண்டியதும் பஸ், "அடுத்த நிறுத்தம், நெடுங்கரை" என்றது. உண்மையில் அடுத்தது கல்மேடு. உள்ளூர்க்காரர் ஒருவர், "ஏம்பா, கல்மேடு தான இது?" என்று கண்டக்டர் ஏழுமலையைக் கேட்டிருக்கிறார். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்த ஏழுமலை, "பஸ்ஸு சொல்லுதுல்ல? எறங்கு எறங்கு" என்று எல்லாரையும் சேர்த்து இறக்கிவிட்டிருக்கிறான். நான்கு பேரும் தட்டோடு கல்மேட்டில் இறங்கிவிட்டார்கள்.

அங்கே நிறுத்தத்தில் ஒருவர் குடையோடு நின்றிருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். அவர் வீட்டிலும் அன்று பெண் பார்க்கும் சடங்கு. நல்ல முகூர்த்த நாள், செஞ்சியைச் சுற்றி எத்தனை வீட்டில் பஜ்ஜி போட்டார்களோ. பட்டுப்புடவையும் பூப்பழத் தட்டுமாக நான்கு பேரைப் பார்த்ததும் வாத்தியார், "மாப்ள வூடுங்களா? வாங்க வாங்க, உங்களுக்குத் தான் நிக்கறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அதே நேரம் நெடுங்கரை நிறுத்தத்தில் தணிகாசலம் சார் மாலையோடு நின்றிருக்கிறார். பஸ் வந்தது. அவர் மகள் குரலில் அதற்கடுத்த ஊரின் பெயரைச் சொன்னது. யாரும் இறங்கவில்லை. போன் போட்டால், பாறைக்கு நடுவில் இருக்கிற கல்மேட்டில் சிக்னலே கிடையாது.

வாத்தியார் வீட்டில் கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஆகிவிட்டது. பெண்ணும் வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நல்ல கலகலப்பு. முக்கால் மணி நேரம் கழித்து வாத்தியார், "மாப்ளக்கி சேத்துப்பட்டுல சொந்தக் கடைன்னு தரகர் சொன்னாரு" என்று ஆரம்பித்தபோதுதான், "கடையா? இவன் பேங்க்ல இல்ல வேல பாக்கறான்?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிருக்கிறார்.

பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது, பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த நிமிடமே சந்தேகம் வந்திருக்கிறது. இருவரும் போட்டோ பார்த்தவர்கள். அவர் பார்த்தது நிவேதாவின் போட்டோ. "இப்பல்லாம் போட்டோவ மாத்திடறாங்க, நேர்ல வேற மாதிரி தான் இருப்பாங்கன்னு நெனச்சேன். நேர்ல தான் நல்லா இருந்தாங்க, அதான் கேக்கல" என்றாராம். அவள் பார்த்தது சேத்துப்பட்டு மாப்பிள்ளையின் போட்டோ. "அதுல மீச இருந்திச்சி. எடுத்துட்டாங்க போல, நல்லதுன்னு இருந்துட்டேன்" என்றாளாம். அந்தச் சேத்துப்பட்டுக்காரர்கள் கடைசிவரை வரவே இல்லை. வேறு இடத்தில் முடிந்துவிட்டதாக மதியம்தான் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள்.

எனக்கு ஞாயிறு மதியம் ஏழுமலை போன் செய்தான். "மேடம், பஸ்ஸு காலைலேர்ந்து ஒரு ஊரு முன்னாலயே சொல்லினு வருது. அவலூர்பேட்ட வந்தா வாயே தொறக்க மாட்டேங்குது." நான் கணக்கே போடவில்லை. நாலாவது கட்டம் என்று உடனே தெரிந்துவிட்டது. சாரின் வீட்டு விருந்தாளிகள் நினைவுக்கு வந்ததும் கையிலிருந்த சோற்றுக்கரண்டி கீழே விழுந்தது.

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். என் வீட்டில் அப்போது என் சம்பளம்தான் நிலையான வருமானம். கணவரிடம் சொல்லவில்லை. சார் முன்னாலேயே வந்து பதிவேட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நாலாவது எடம்?" என்றார்.

"டிக் இருக்குது சார்."

"டிக் இருக்குது. வேல இருக்குதா?"

இல்லை என்றேன். கரண்ட் போனதையும், மொத்தமாக டிக் போட்டதையும் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். கடிதத்தை நீட்டினேன். அவர் வழக்கம்போல் வாய்விட்டுப் படித்தார். "என் கவனக்குறைவால் தங்கள் குடும்பத்துக்கு ஏற்பட்ட..." அங்கே நிறுத்தினார். பேனாவை எடுத்து, முள்ளைத் துடைத்து, 'ஏற்ப்பட்ட' என்று நான் எழுதியிருந்ததில் ஒரு 'ப்'பை அடித்தார். கடிதத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"படிக்காம கையெழுத்துப் போட்டது யாரு? செக்கிங் உத்தியோகத்துல இருந்தப்ப இப்டிப் போட்டிருந்தா வூட்டுக்கு அனுப்பியிருப்பான்." சுடுதண்ணீரை ஒரு வாய் குடித்தார். "டிக் போடப் போட கண்ணு தான் பாக்குது சுமதி, மனசு பாக்கறதில்ல. ஒனக்கும் அப்டித்தான், எனக்கும் அப்டித்தான். முன்ன ஒருவாட்டி ஒரே எடம்னு இன்னாவோ சொன்னியே, அதச் சொல்லு."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினேன். ஒரு ஊருக்கு ஒரு வரி. எண்ணைக் கையால் எழுதவே வேண்டாம், வரிசையைப் பார்த்துத் தானே போட்டுக்கொள்ளும். குரலோ எழுத்தோ ஏதாவது ஒன்று காலியாக இருந்தால் புரோகிராம் உருவாகவே உருவாகாது. பஸ்ஸுக்குப் போகும் முன்னால் நம் மேஜையிலேயே நின்று கத்தும்.

"நம்ம கிட்டயே கத்துமா?"

"நம்ம கிட்ட மட்டும் தான் சார்."

அது அவருக்குப் பிடித்துவிட்டது. "கையெழுத்து?" என்றார் கடைசியாக.

"அந்த ஒரு வரிக்குப் போடுங்க சார்."

ஒன்றரை மாதம் ஆனது. பழைய வரிகளை அழித்த அன்று சார் என் பின்னாலேயே நின்றார். ஒவ்வொரு பக்கமாகப் போகும்போதும், வீட்டைக் காலி செய்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ எழுதியிருக்கறோமா?" என்றார். "இவ்ளோ படிச்சிருக்கறீங்க சார்" என்றேன். அடுத்த நாளே ஒரே ஒரு கட்டம் உள்ள புதுப் பதிவேடு கோடு போட்டு வந்துவிட்டது. குழுவில் என்னைக் கேட்ட பெண்ணுக்கு இதைத்தான் சொல்வேன். பத்து இடத்தையும் ஒரு நொடியில் எழுத ஆள் கிடைத்திருப்பது நல்லதுதான். ஆனால் பத்து இடம் எதற்கு இருக்கிறது என்று முதலில் கேள்.

ராஜினாமாக் கடிதம் திரும்பி வந்த அந்தத் திங்கட்கிழமை மதியம் நிவேதா சாப்பாட்டுத் தூக்கோடு மாடிக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்க எழுந்தேன். அவள் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, நான் பி.எட். படிக்கணும். இப்ப கல்யாணம் வேணாம்னு நைனா கிட்ட எப்டிச் சொல்றதுன்னு பத்து நாளா தூங்கல. கடசில பாத்தா, என் வாயாலயே அவங்கள கல்மேட்டுல எறக்கி வுட்டுட்டேன்!"

தூக்கை மேஜையில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உள்ளே சார், "இன்னா சத்தம் அங்க?" என்றார். அன்று மாலையே அவரிடமும் சொல்லிவிட்டாளாம். அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் பி.எட். விண்ணப்பத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

கல்மேட்டு வாத்தியார் வீட்டுக்காரர்களும் சென்னைக்காரர்களும் விசாரித்துப் பார்த்ததில், சுற்றி வளைத்துச் சொந்தக்காரர்களாகவே இருந்தார்கள். ஜாதகமும் பொருந்தியது. ஆவணியில் செஞ்சியிலேயே ஒரு மண்டபத்தில் கல்யாணம். சாருக்கும் எனக்கும் பத்திரிகை வந்தது. போகலாமா கூடாதா என்று சார் ஒரு வாரம் யோசித்தார். நிவேதாதான் இழுத்துக்கொண்டு போனாள்.

மண்டப வாசலில் மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ தானாம்மா அந்தப் பஸ்ஸுக்குப் புரோகிராம் எழுதற பொண்ணு?" திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "இந்த மாமாவுக்குக்கூட ஒரு பொண்ணு பாக்கணும். எந்த பஸ்ல ஏறணும்னு சொல்லு" என்றார். பக்கத்தில் நின்ற மாமாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் சிரிக்கவில்லை.

மேடையில் கூட்டம். புகைப்படக்காரர் வியர்வையோடு ஆட்களைப் பிரித்து நிறுத்திக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

"சார், பொண்ணு வூடா, மாப்ள வூடா? பொண்ணு வூடு இந்தப் பக்கம், மாப்ள வூடு அந்தப் பக்கம்."

தணிகாசலம் சார் அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பின்னால் வரிசை நீண்டது. "சீக்கிரம் சொல்லுங்க சார், ரெண்டுல ஒன்னு" என்றார் புகைப்படக்காரர்.

"ரெண்டும் இல்லப்பா. மூணாவதா ஒன்னு சேத்துக்க," என்றார் சார். "நாங்க பஸ் வூடு."

புகைப்படக்காரர் ஒரு கணம் முழித்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் மணமக்களுக்குப் பின்னால், நட்டநடுவில் நிறுத்தினார்.